98 சதவீத சல்பூரிக் அமிலம்: மோலாரிட்டி 18, மோலாலிட்டி 500. இரண்டுமே சரியா?

முதலாண்டு_வேதி
எல்லோருக்கும் வணக்கம். லேபில் இருக்கும் அடர் சல்பூரிக் அமில பாட்டிலில் நிறை சதவீதம் 98, அடர்த்தி 1.84, மோலார் நிறை 98.08 என்று போட்டிருக்கிறது. இதிலிருந்து 0.5 மோலார் கரைசல் 500 மில்லி தயாரிக்க வேண்டும். அதோடு, பாட்டிலில் இருக்கும் அமிலத்தின் மோலாரிட்டி (1 லிட்டர் கரைசலில் எத்தனை மோல்), மோலாலிட்டி (1 கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல்), நார்மாலிட்டி, மோல் பின்னம் நான்கையும் ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த விடைகள்: 18.4, 500, 36.8, 0.9. மோலாலிட்டி 500 என்று பார்த்ததும் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. பக்கத்து பெஞ்ச் தோழிக்கு அதே கணக்கில் 10 வந்திருக்கிறது. யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பியூரெட்_ராணி
நான்குமே சரி. தோழிதான் ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார். 980 கிராம் அமிலத்தை 98-ஆல் வகுத்து 10 மோல் எடுத்திருப்பார், அதை 1 கிலோவால் வகுத்திருப்பார். அந்த 1 கிலோ கரைசலின் எடை. மோலாலிட்டிக்குக் கீழே வர வேண்டியது கரைப்பானின் எடை மட்டும். 1 கிலோ அடர் அமிலத்தில் தண்ணீர் வெறும் 20 கிராம்தான், அதாவது 0.02 கிலோ. 10 ÷ 0.02 = 500.

பழைய_வாத்தியார்
ராணியம்மா சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு அலகுக்கும் தனித்தனி சூத்திரம் மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாள் எல்லாம் கலந்துவிடும். 30 வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே லிட்டர் அமிலத்தைக் கற்பனையில் மேஜை மீது வைத்து நான்கு விடையையும் அதிலிருந்தே எடுப்போம்.

1 லிட்டர் அமிலத்தின் எடை 1000 × 1.84 = 1840 கிராம். அதில் 98 சதவீதம் சல்பூரிக் அமிலம், அதாவது 1803.2 கிராம். மீதி 36.8 கிராம் தண்ணீர்.

1803.2 ÷ 98.08 = 18.385 மோல். எடுத்துக்கொண்டது 1 லிட்டர் என்பதால் மோலாரிட்டியும் 18.385.

அதே 18.385 மோலைத் தண்ணீரின் எடையான 0.0368 கிலோவால் வகுத்தால் 499.6. இதுதான் உன் 500.

தண்ணீரின் மோல் 36.8 ÷ 18.015 = 2.043. மொத்த மோல் 20.428. அமிலத்தின் மோல் பின்னம் 18.385 ÷ 20.428 = 0.900.

நார்மாலிட்டி என்றால், அமிலத்தைப் பொறுத்தவரை, லிட்டருக்கு எத்தனை மோல் ஹைட்ரஜன் வினைபுரியும் என்பது. இரண்டு ஹைட்ரஜனும் வினைபுரிகின்றன என்று வைத்துக்கொண்டால் 18.385 × 2 = 36.77. (தண்ணீரின் எடையும் 36.8 கிராம், நார்மாலிட்டியும் 36.8. தற்செயல்தான், ஒன்றை எடுத்து இன்னொரு இடத்தில் போட்டுவிடாதே.)

மேலே இருப்பது எங்கும் ஒரே அமிலம்தான். கீழே எதைப் போடுகிறோம் என்பதுதான் மாறுகிறது: கரைசலின் கன அளவு, கரைப்பானின் எடை, மொத்த மோல். ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபாய். பேங்கில் 2 சதவீதம் என்றால் வருஷத்துக்கு. கீழே இருப்பது எது என்று கேட்காமல் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவன் மாட்டிக்கொள்வான்.

முதலாண்டு_வேதி
மிக்க நன்றி சார், இப்போது தெளிவாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். நிறை சதவீதம் 98 என்கிறது, மோல் பின்னம் 0.9 என்கிறது. ஏன் 0.98 வரவில்லை?

பழைய_வாத்தியார்
தண்ணீர் மூலக்கூறு எடை குறைந்தது. எடையில் 2 சதவீதமே இருந்தாலும் எண்ணிக்கையில் பத்தில் ஒன்று அதுதான். எடை போட்டால் 98, தலை எண்ணினால் 90.

பியூரெட்_ராணி
இனி தயாரிப்பு. 0.5 மோலார், அரை லிட்டர் என்றால் தேவை 0.25 மோல். 0.25 ÷ 18.385 லிட்டர், அதாவது 13.6 மில்லி. 500 மில்லி ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கில் நேராக ஊற்றாதீர்கள். பீக்கரில் 300 மில்லி அளவுக்குத் தண்ணீர் எடுத்து, அதில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரமாக விட்டுக் கலக்குங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலம், அமிலத்தில் தண்ணீர் கூடாது. கிளம்பும் சூட்டில் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். நன்றாக ஆறிய பிறகு ஃபிளாஸ்க்குக்கு மாற்றி, பீக்கரைக் கழுவிய தண்ணீரையும் சேர்த்து, கோடு வரை நிரப்புங்கள்.

சூடாக இருக்கும்போதே கோடு வரை நிரப்பினால், ஆறியதும் மட்டம் கீழே இறங்கியிருக்கும். ஃபிளாஸ்க்கில் 20 டிகிரி அல்லது 27 டிகிரி என்று எழுதியிருப்பது இதற்குத்தான்.

இன்னொன்று. 13.6 மில்லி எடுத்தேன், அதனால் செறிவு 0.500 என்று எழுத முடியாது. அமில பாட்டில் திறந்து திறந்து மூடப்பட்டது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 98 என்பது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியபோது இருந்த எண். தயாரித்த கரைசலை எடை தெரிந்த உலர்ந்த சோடியம் கார்பனேட்டோடு வினைபுரிய வைத்துத் தரம்பார்த்து (உண்மைச் செறிவைக் கண்டுபிடித்து), வரும் எண்ணைத்தான் லேபிளில் எழுத வேண்டும்.

சாயத்தொட்டி
படித்துக்கொண்டே வந்தேன். நான் திருப்பூர் பக்கம் சாயப்பட்டறையில் வேலை. எங்களிடம் மோலாரிட்டி என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. உப்பு, சோடா எல்லாம் ஜிபிஎல், அதாவது லிட்டருக்கு எத்தனை கிராம். காஸ்டிக் லை, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசல் வந்தால் பாமே டிகிரி அல்லது டிவாடில் டிகிரி.

வாத்தியார் சொன்ன 'கீழே எது' என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு நல்ல கூத்து உண்டு. '2 பர்சன்ட் ஷேட்' என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சாயம் என்று புதிதாக வரும் பையன்கள் நினைப்பார்கள். கிடையாது. 100 கிலோ துணிக்கு 2 கிலோ சாயம். கீழே இருப்பது துணி! கரைசலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உப்பு மட்டும் 50 ஜிபிஎல் என்றால் தண்ணீர்க் கணக்கு. 100 கிலோ துணி, லிக்கர் ரேஷியோ (துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்) 1:8 என்றால் தண்ணீர் 800 லிட்டர். சாயம் 2 கிலோ, அதாவது 2.5 ஜிபிஎல். உப்பு 40 கிலோ. ரேஷியோவை 1:6 ஆக்கினால் தண்ணீர் 600 லிட்டர்தான். சாயம் அதே 2 கிலோ, உப்பு மட்டும் 30 கிலோவாக இறங்கும். ஒரே ரெசிப்பி சீட்டில் இரண்டு விதமான 'கீழே' இருப்பதால்தான் குழப்பம்.

முதலாண்டு_வேதி
பாமே என்றால் என்ன அண்ணா? புத்தகத்தில் பார்த்ததே இல்லை.

சாயத்தொட்டி
ஹைட்ரோமீட்டரை லையில் மிதக்கவிட்டால் அது காட்டும் எண்தான். உண்மையில் அளப்பது அடர்த்தியை. தண்ணீரை விடக் கனமான திரவங்களுக்கு, 145-ஐ (145 கழித்தல் பாமே) என்பதால் வகுத்தால் ஒப்படர்த்தி வரும். 50 பாமே என்றால் 145 ÷ 95 = 1.526. டிவாடில் இன்னும் சுலபம்: ஒப்படர்த்தியில் 1-ஐக் கழித்து 200-ஆல் பெருக்கு. 1.25 என்றால் 50 டிவாடில். மெர்சரைஸ் செய்யும் (பருத்திக்குப் பளபளப்பு ஏற்றும்) காஸ்டிக் இதை ஒட்டித்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நிறை சதவீதம் 50 உள்ள காஸ்டிக் லையின் அடர்த்தி ஏறக்குறைய 1.525. அதாவது 50 சதவீத லை, 50 பாமேயும்கூட. இதைப் பார்த்து பாமே என்றாலே சதவீதம்தான் என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. வேறு எந்தச் செறிவிலும், வேறு எந்த ரசாயனத்திலும் அப்படிப் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

பழைய_வாத்தியார்
அருமை. அந்த லையின் மோலாரிட்டியையும் போட்டுப் பார்த்துவிடு தம்பி: 1525 × 0.50 ÷ 40 = 19.06. பேட்டரிக் கடையிலும் இதே வேலைதான் நடக்கிறது. முழுச் சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி 1.28 காட்டும். அது நிறைப்படி சுமார் 37 சதவீதம், மோலாரிட்டி 1280 × 0.37 ÷ 98.08 = 4.83. சார்ஜ் இறங்கினால் அமிலம் தட்டில் சல்பேட்டாகப் போய்விடும், தண்ணீர் கூடும், அடர்த்தி இறங்கும்.

இப்போது பார், கடையில் விற்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 37 சதவீதம்தான், அடர்த்தி 1.19. அதன் மோலாரிட்டியோ 12.1. சதவீதம் ஒன்றாக இருந்தால் செறிவும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன்.

தருமபுரித்_தண்ணீர்
நான் குடிநீர்ப் பரிசோதனை வேலை. எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு பெரிய தலைவலி. பல்லில் பழுப்பு வரி விழுந்த பிள்ளைகளைப் பார்க்காத ஊர் குறைவு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ், அதாவது புளோரைடு அதிகமானால் வரும் அந்தப் பாதிப்பு இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 10500-இன்படி புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. எங்களுக்கு மோலாரிட்டியில் சொன்னால் சிரிப்புதான் வரும்: 1.5 மில்லிகிராம் ÷ 19 = 0.079 மில்லிமோல். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்றால் 1.5. பேசவும் எழுதவும் அதுதான் வசதி. பிபிஎம்மும் லிட்டருக்கு மில்லிகிராமும் ஒன்றுதான், மாற்ற வேண்டிய வேலையே இல்லை.

பியூரெட்_ராணி
கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். குடிநீரில் ஒன்றுதான், ஏனென்றால் 1 லிட்டர் கிட்டத்தட்ட 1 கிலோ. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, எடைக்கு எடை. கடல் நீரை எடுங்கள். கிலோவுக்கு 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025. லிட்டருக்கு 35.9 கிராம் வரும். பிபிஎம்மில் 35,000, லிட்டருக்கு மில்லிகிராமில் 35,900. ஆர்ஓ ஆலையின் கழிவு நீரில் வித்தியாசம் இன்னும் கூடும். காற்றில் பிபிஎம் என்றாலோ பெரும்பாலும் கன அளவுக்குக் கன அளவு.

தருமபுரித்_தண்ணீர்
குழாய்த் தண்ணீரோடு நிற்கிறவனுக்குக் கடல் எதற்கு! சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ரிப்போர்ட்டில் அடர்த்தியைவிட மோசமான குழி ஒன்று இருக்கிறது. 'எதுவாகக் கணக்கிட்டது' என்ற குறிப்பு.

கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகச் சொல்வோம். தண்ணீரில் இருப்பது கால்சியமும் மக்னீசியமும் தனித்தனி அயனிகளாக. கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.12-ஆலும் பெருக்கிக் கூட்டுவோம். கால்சியம் 80, மக்னீசியம் 30 என்றால் 200-ம் 123.6-ம் சேர்ந்து ஏறக்குறைய 324. தரநிலை 200 வரை நல்லது, 600 வரை சமாளிக்கலாம் என்கிறது. நைட்ரேட் இன்னும் விபரீதம். நம் தரநிலை நைட்ரேட்டாகவே 45 என்கிறது, அமெரிக்காவில் நைட்ரஜனாக 10 என்கிறார்கள். 45 × 14 ÷ 62 = 10.2. ஏறக்குறைய ஒரே அளவு! இதைப் பார்க்காமல் 'அமெரிக்காவில் நாலு மடங்கு கறார்' என்று வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள்.

சும்மா_வந்தேன்
வேதியியல் எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே கேட்கலாம் போலிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தன் சர்க்கரை 7.2 என்கிறார். எனக்கு இங்கே வெறும் வயிற்றில் 128. நான்தான் செத்தேன் என்று வீட்டில் ஒரே கவலை.

மாத்திரைப்பெட்டி
இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே படியில்தான் நிற்கிறீர்கள். அங்கே லிட்டருக்கு மில்லிமோல், இங்கே 100 மில்லிக்கு மில்லிகிராம். குளுக்கோஸின் மோலார் நிறை 180. அதனால் அண்ணனின் எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்: 7.2 × 18 = 129.6. வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு வரம்பு, அது அங்கே 7.0. ஆகவே இரண்டு பேருமே டாக்டரைப் பாருங்கள், ஒருவர் மட்டும் இல்லை. கொலஸ்ட்ராலுக்கு இந்த 18 செல்லாது, அதற்கு 38.67. மூலக்கூறு வேறு, மாற்றும் எண்ணும் வேறு.

மருந்துக் கடையில் சதவீதம் என்றால் பெரும்பாலும் 100 மில்லியில் எத்தனை கிராம் என்று பொருள். 0.9 சதவீத நார்மல் சலைன் என்றால் லிட்டரில் 9 கிராம் உப்பு. 9 ÷ 58.44 = 0.154, அதாவது 154 மில்லிமோல். அங்கே வரும் 'நார்மல்' உங்கள் நார்மாலிட்டி இல்லை. 1 நார்மல் உப்புக் கரைசல் என்றால் லிட்டருக்கு 58.44 கிராம். அதை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் '10 வால்யூம்' என்று இருக்கும். 1 மில்லி கரைசல் சிதைந்தால் 10 மில்லி ஆக்சிஜன் வரும் என்று பொருள். 2 மோல் பெராக்சைடு 1 மோல் ஆக்சிஜன் தருவதால் வால்யூமை 11.2-ஆல் வகுத்தால் மோலாரிட்டி. 10 வால்யூம் 0.89 மோலார், அது சுமார் 3 சதவீதம்.

முதலாண்டு_வேதி
நார்மாலிட்டி பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் புது மேடம் 'அதை விட்டுவிடுங்கள், மோலாரிட்டி போதும்' என்கிறார். லேப் மேனுவலில் எல்லாமே நார்மல்தான். எதைப் பின்பற்றுவது?

பியூரெட்_ராணி
மேடம் பக்கம் நான். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுங்கள். இதில் நார்மாலிட்டிக்கு எண்ணுவது ஹைட்ரஜனை இல்லை, ஒரு மூலக்கூறு வாங்கும் எலக்ட்ரானை. அமில ஊடகத்தில் 5 எலக்ட்ரான், நடுநிலையில் 3, கடும் கார ஊடகத்தில் 1. ஒரே பாட்டில், 0.02 மோலார் என்று ஒட்டியிருக்கிறது. அது 0.1 நார்மலா, 0.06 நார்மலா, 0.02 நார்மலா? வினையைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. பாட்டிலில் ஒட்டும் எண், பாட்டிலுக்குள் இருப்பதைச் சொல்ல வேண்டும். நாளைக்கு அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதையா சொல்வது? வேதியியலின் சர்வதேச அமைப்பான ஐயூபாக்கும் நார்மாலிட்டியைப் பரிந்துரைப்பதில்லை.

பழைய_வாத்தியார்
ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் முழுக்க இல்லை. பியூரெட் முன்னால் நிற்கிறவனுக்கு நார்மாலிட்டி போல் வசதி வேறில்லை. சமன்பாட்டைச் சமப்படுத்த வேண்டாம், நார்மாலிட்டியைக் கன அளவால் பெருக்கி இரண்டு பக்கமும் சமம் போட்டால் முடிந்தது. மோலாரிட்டியில் அதே மாணவன் சல்பூரிக் அமிலத்துக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் 1:2 போட மறந்துவிட்டு விடையைச் சரியாகப் பாதியாக்குவான். அந்தத் தாள்களைத் திருத்தியவன் நான்.

தருமபுரித்_தண்ணீர்
எங்கள் லேபில் நார்மாலிட்டி சாகவே சாகாது. சிஓடி (நீரில் உள்ள அழுக்கை ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பது) பார்க்க டைக்ரோமேட் 0.25 நார்மல். புதுப் புத்தகத்தில் அதையே 0.0417 மோலார் என்று போட்டிருக்கிறார்கள், 6 எலக்ட்ரானால் வகுத்து. 0.25-ஐ யாரும் மறக்க மாட்டார்கள், 0.0417-ஐ நினைவு வைப்பது யார்? சிஓடி கணக்கிடும் சூத்திரத்தில் வரும் 8000-ம் ஆக்சிஜனின் சமான எடை 8-ஐ வைத்து வந்ததுதான்.

பியூரெட்_ராணி
சரி, மேனுவல் கேட்டால் நார்மலில் கணக்குப் போடுங்கள். பாட்டில் லேபிளில் மோலாரிட்டியும் எழுதுங்கள். 1:2 மறப்பதற்கு மருந்து சமன்பாட்டை எழுதுவதுதான், அலகை மாற்றுவது இல்லை. இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

முதலாண்டு_வேதி
அப்படியானால் மோலாலிட்டி எதற்குத்தான் இருக்கிறது? லேபில் யாரும் அதில் கரைசல் தயாரித்துப் பார்த்ததில்லை.

பழைய_வாத்தியார்
வெப்பநிலை மாறும் இடங்களுக்கு. 20 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.998, 40 டிகிரியில் 0.992. நீர்த்த கரைசலும் ஏறக்குறைய அதே அளவு விரியும். 20 டிகிரியில் 1.000 மோலார், 40-இல் 0.994 ஆகிவிடும், ஒரு துளிகூடச் சிந்தாமல். எடை மாறாது, அதனால் மோலாலிட்டியும் மாறாது. உறைநிலை எவ்வளவு இறங்கும், கொதிநிலை எவ்வளவு ஏறும் என்ற கணக்கெல்லாம் இதனால்தான் மோலாலிட்டியில். தண்ணீரில் 1 மோலாலுக்கு உறைநிலை 1.86 டிகிரி இறங்கும், கொதிநிலை 0.512 டிகிரி ஏறும்.

உன் 0.5 மோலார் கரைசலையே பார். அடர்த்தி சுமார் 1.03. லிட்டர் 1030 கிராம், அமிலம் 49 கிராம், தண்ணீர் 981 கிராம். மோலாலிட்டி 0.51. மோலாரிட்டியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நீர்த்த கரைசலில் இரண்டும் நெருங்கும். அடர் கரைசலில்தான் 18 எங்கே, 500 எங்கே என்று பிரியும். அந்த 98 சதவீதத்தில் தண்ணீரைக் கரைப்பான் என்று அழைப்பதே மரியாதைக்குத்தான். கணக்கு சரி, எண்ணுக்குப் பயன் கிடையாது.

மாத்திரைப்பெட்டி
இவ்வளவு பேசியாயிற்று, மாணவிக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம், 1 லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9. இதில் லிட்டருக்கு மில்லிமோலில் சோடியம் 75, மொத்த ஆஸ்மோலாரிட்டி (கரைந்த அயனிகள், மூலக்கூறுகள் எல்லாவற்றின் கூட்டு) 245 என்று அச்சிட்டிருக்கும். எப்படி வந்தது?

முதலாண்டு_வேதி
முயன்று பார்த்தேன். சோடியம் குளோரைடு 2600 ÷ 58.44 = 44.5 மில்லிமோல். இதோடு நிறுத்தினால் 75 வராது. சிட்ரேட்டில் தண்ணீரையும் சேர்த்து மோலார் நிறை 294.1, அதனால் 2900 ÷ 294.1 = 9.86. ஒரு சிட்ரேட்டுக்கு 3 சோடியம், ஆகவே 29.6. கூட்டினால் 74.1, தோராயமாக 75.

பொட்டாசியம் 1500 ÷ 74.55 = 20.1. குளோரைடு 44.5-ம் 20.1-ம் சேர்த்து 64.6. குளுக்கோஸ் 13500 ÷ 180.16 = 74.9. சிட்ரேட் 9.9. அச்சிட்டபடி 75 + 20 + 65 + 75 + 10 = 245. வந்துவிட்டது!

பியூரெட்_ராணி
சபாஷ். டைஹைட்ரேட்டின் தண்ணீரை எடையில் சேர்த்ததற்கு முழு மதிப்பெண். ஆக்சாலிக் அமிலத்திலும் அதே கவனம் வேண்டும்: தண்ணீரோடு சேர்ந்த படிகத்துக்கு மோலார் நிறை 90.03 இல்லை, 126.07.

சும்மா_வந்தேன்
பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் போட்டால் மொத்தம் 1 லிட்டருக்கு மேல் ஆகிவிடாதா? வாத்தியார் முறைப்படி கீழே இருப்பது கரைசல் ஆயிற்றே.

மாத்திரைப்பெட்டி
நல்ல கேள்வி. 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலான பொடி, கரைந்ததும் 1 சதவீத அளவுக்குக் கன அளவு கூடலாம். அது வயிற்றுக்குத் தெரியாது. ஆனால் குழந்தை முழு லிட்டர் குடிக்காது என்று அதே பொட்டலத்தை அரை லிட்டரில் கரைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. 245 என்பது 490 ஆகிவிடும். இரத்தத்தில் இருப்பது 290-ஐ ஒட்டி. அதைவிட இவ்வளவு செறிவாக இருந்தால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்படும், பேதி கூடும். முழு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். சின்னப் பொட்டலங்களும் விற்கிறார்கள், 200 மில்லிக்கு. வாங்கும்போது எத்தனை மில்லிக்கு என்று பார்த்து வாங்குங்கள்.